பாரிஸுக்கு வந்த நண்பர்களைக் கால்நடையாகச் சுற்றிக் காட்ட: சேன் நதியோரம் ஒரு நாள்

பாரிஸில் நீங்கள் குடியேறி நான்கைந்து மாதம்தான் ஆகியிருக்கும். அதற்குள் ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ நண்பர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். ஈபிள் கோபுரம், லூவ்ர், நோத்ர தாம், வெற்றி வளைவு, மொன்மார்த்ர் குன்று என்று கையில் பட்டியல் இருக்கும். எல்லாம் ஒரே நாளில் வேண்டும் என்பார்கள். முடியாது என்று முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். மெட்ரோவில் ஏறி இறங்கி ஐந்து இடங்களையும் தொட்டுவிட்டு வந்தால் மனதில் தங்குவது சுரங்கப் படிக்கட்டுகள்தான். ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு கிழக்கிலிருந்து மேற்கே நடந்தால் பட்டியலில் பெரும்பகுதி தானாகவே வழியில் வரும். எந்த இடம் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் புரியும்.

இங்கே சொல்லும் பாதை பொன் மரி மெட்ரோ நிலையத்தில் தொடங்கி த்ரொக்கதெரோவில் முடிகிறது. தூரம் சுமார் 7 கிலோமீட்டர். தனியாக நடந்தால் இரண்டு மணி நேரம் போதும். விருந்தாளிகளோடு அந்தக் கணக்கு செல்லாது. படம் எடுப்பார்கள், கடை வாசலில் நிற்பார்கள், ஒருவர் பின்தங்குவார். நாலைந்து பேர் சேர்ந்து போனால் மணிக்கு 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, ஒரு தேவாலயம், இரண்டு முறை உட்காருவது எல்லாம் சேர்த்தால் 7 மணி நேரம்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

இதைப் பருவம்தான் முடிவு செய்யும். டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூன் கடைசியில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். ஈபிள் கோபுரம் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் 5 நிமிடம் மின்னும். நடை அந்த நேரத்தில் முடிந்தால்தான் நாள் நிறைவாக இருக்கும். ஆகவே அக்டோபர் முதல் மார்ச் வரை காலை 10 மணிக்குக் கிளம்புங்கள். கோடையில் காலையில் கிளம்பினால் மாலை 5 மணிக்கே கோபுரத்தடிக்கு வந்துவிட்டு, இருட்டுவதற்கு இன்னும் ஐந்து மணி நேரம் என்ன செய்வது என்று முழிக்க வேண்டியிருக்கும். மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு 3 மணிக்குத் தொடங்குவது நல்லது.

கிழமையையும் பாருங்கள். லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். வழியில் ஓய்வுக்காக நாம் நுழையப்போகும் ப்தி பலே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. புதன் முதல் ஞாயிறு வரை எந்த நாளும் ஒத்துவரும்.

முதல் நாள் இரவு செய்ய வேண்டியவை

ஒவ்வொருவருக்கும் ஒரு நவிகோ ஈஸி அட்டை (மெட்ரோ, பேருந்து டிக்கெட்டுகளை ஏற்றிவைக்கும் அட்டை) வேண்டும். அட்டை 2 யூரோ. ஓர் அட்டையில் நாலு டிக்கெட் ஏற்றி நாலு பேரும் மாறி மாறித் தட்டிக்கொண்டு போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது செல்லாது, பரிசோதகர் பிடித்தால் அபராதம். மெட்ரோ டிக்கெட்டின் விலை 2025-இல் 2.50 யூரோ, பேருந்துக்கு 2 யூரோ, ஒருநாள் பாஸ் 12 யூரோ. ஆண்டுதோறும் ஜனவரியில் விலையை மாற்றுகிறார்கள், ஆனால் கணக்கு பெரிதாக மாறாது. இந்த நடைக்கு ஆளுக்கு மூன்று பயணம் போதும், 2025 விலையில் 7.50 யூரோவில் முடிந்துவிடும். பாஸ் வாங்கினால் நஷ்டம். ஒரே டிக்கெட்டில் மெட்ரோவிலிருந்து பேருந்துக்கு மாற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

காலணி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஆற்றோரத்தில் பல இடங்களில் கருங்கல் பாவிய தரை. புதுக் காலணி, மெல்லிய அடி கொண்ட செருப்பு, குதிகால் உயர்ந்தது எதுவும் வேண்டாம். துய்லரி தோட்டத்தின் பாதைகளில் வெளிர் நிறப் பொடிமண். கறுப்புக் காலணி போட்டவர் வெளியே வரும்போது வெள்ளைக் காலணியோடு வருவார்.

ஆளுக்கு ஒரு தண்ணீர் போத்தல் போதும். வழியில் நிரப்பிக்கொள்ளலாம். கரும்பச்சை நிறத்தில் நான்கு பெண் சிலைகள் ஒரு சிறு கூரையைத் தாங்கி நிற்கும் வார்ப்பிரும்பு நீரூற்றுகளைப் பார்ப்பீர்கள். ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1872-இல் இந்த நகரத்துக்குக் கொடுத்தவை. நடுவில் நூல்போல் விழும் தண்ணீர் குடிக்க நல்லது. உறைபனிக்குப் பயந்து குளிர்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். அப்போது கையில் கொண்டுபோவதுதான் வழி.

விருந்தாளிகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது

இந்தியா, இலங்கை, மலேசியா, லண்டன் எங்கிருந்து வந்தாலும் அவர்களுக்குச் சாலை கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்த்துத்தான் பழக்கம். இங்கே வண்டி முதலில் இடப்பக்கத்திலிருந்து வரும். பழக்கம் உடம்பில் ஊறியது, ஒரு முறை சொன்னால் மாறாது. ஒவ்வொரு கடப்பிலும் "முதலில் இடது" என்று சொல்லுங்கள். அதைவிட ஆபத்து சைக்கிள் பாதை. ரிவோலி தெருவில் சைக்கிள்கள் இரு திசையிலும் வேகமாக வருகின்றன, சத்தமே இருக்காது. படம் எடுப்பதற்காக ஒரு அடி பின்னால் வைப்பவர்தான் அங்கே அடிபடுகிறார்.

பையை முன்பக்கம் போடச் சொல்லுங்கள். கைப்பேசி பின்பாக்கெட்டில் இருக்கக் கூடாது. கையெழுத்து கேட்டுக் காகித அட்டையை நீட்டுபவர், காலடியில் கிடந்த தங்க மோதிரம் உங்களுடையதா என்று கேட்பவர், மூன்று குவளைக்கடியில் பந்து வைத்து விளையாடுபவர், மொன்மார்த்ர் படிக்கட்டடியில் கையில் நூல் கட்ட வருபவர் என்று யார் வந்தாலும் நிற்காமல் நடந்துகொண்டே "நோ(ன்), மெர்சி" என்று சொன்னால் போதும். நின்று பேசினால்தான் மாட்டிக்கொள்வோம். குவளை ஆட்டத்தில் ஜெயிப்பதுபோல் காட்டுகிறவர்களும் அவர்கள் ஆட்களே.

பொன் மரியிலிருந்து நோத்ர தாம் வரை

பொன் மரி நிலையம் 7ஆம் லைனில் இருக்கிறது. லா கூர்னெவ் பக்கம் குடியிருப்பவர்கள் ரயில் மாறாமல் வரலாம். வெளியே வந்ததும் எதிரே பாலம். அதைக் கடந்தால் சேன் லூயி தீவு. தீவைக் குறுக்காகத் தாண்டி அடுத்த பாலமான பொன் த லா தூர்னெலுக்குப் போங்கள். 350 மீட்டர்தான்.

பாலத்தின் நடுவில் நின்று மேற்கே பாருங்கள். நோத்ர தாமின் முதுகுப்புறம் தெரியும். சுவரைத் தாங்கும் கல் வளைவுகள் ஆற்றுக்கு மேலே விலா எலும்புகளைப்போல விரிந்து நிற்கும். எல்லோரும் முன்வாசலுக்கு நேராகப் போய் நிற்கிறார்கள். ஆனால் முன்முகம் மேற்கே பார்த்தது, காலையில் வெயில் அதன் பின்னால் இருக்கும், படம் கறுத்துப் போகும். பின்பக்கத்தில் அப்போதுதான் வெளிச்சம் விழும். மதியம் கிளம்பியவர்களுக்கு இது நேர்மாறு. அவர்கள் இந்தப் பாலத்தில் அதிகம் நிற்க வேண்டாம்.

பாலத்தைக் கடந்து இடது கரையோடு மேற்கே நடந்தால் ஆற்றுச் சுவரின்மேல் பச்சைப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். பழைய புத்தகம் விற்பவர்கள். கரையை ஒட்டி இருக்கும் ரெனே விவியானி சிறுதோட்டத்தில் முட்டுக்கொடுத்து நிற்கும் சாய்ந்த மரம் 1601-இல் நட்டது, பாரிஸின் மிகப் பழைய மரம். வாலஸ் நீரூற்று ஒன்று பக்கத்திலேயே உண்டு. போத்தல்களை நிரப்பிக்கொண்டு பொன் ஓ துப்ள் பாலம் வழியாகத் தேவாலய முற்றத்துக்கு வாருங்கள்.

1163-இல் கட்டத் தொடங்கிய கோயில் இது. 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்தது, 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. நுழைவு இலவசம். இணையத்தில் இலவசமாகவே முன்பதிவு செய்யலாம், ஓரிரு நாள் முன்புதான் கிடைக்கும். பதிவு இல்லாவிட்டாலும் வரிசையில் நிற்கலாம், நீளமாகத் தெரிந்தாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். பெட்டி, பெரிய பயணப் பை இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். விமான நிலையத்திலிருந்து நேராக வருபவரை இங்கே கூட்டி வராதீர்கள். உள்ளே 45 நிமிடம் போதும். சுத்தம் செய்த கல் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய படங்களில் பார்த்தவர்களுக்கு அதுவே ஆச்சரியமாக இருக்கும்.

பொன் நெஃப்: முதல் ஓய்வு

தீவின் மேற்கு முனையில் இருக்கும் பாலத்துக்குப் பெயர் பொன் நெஃப், அதாவது 'புதுப் பாலம்'. 1607-இல் முடித்தது. இன்று நிற்கும் பாலங்களில் அதுவே மிகப் பழையது. இருபுறமும் வீடுகள் இல்லாமல், நடப்பவர்களுக்கென்று நடைபாதையோடு கட்டிய பாலம் என்பதால் அந்தக் காலத்தில் புதுமை. தூண்களுக்கு மேலே அரைவட்டமாக வெளியே தள்ளிய இடங்களில் கல் இருக்கைகள் இருக்கின்றன. இங்கே உட்காரவைத்து ஒரு விஷயம் சொல்லிவிட்டால் அப்புறம் அவர்களே தனியாகச் சுற்றுவார்கள்.

ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இடது கரை, வலக்கைப் பக்கம் வலது கரை. ஆற்றிலிருந்து விலகிப் போகும் தெருக்களில் வீட்டு எண் ஆற்றங்கரையிலிருந்து தொடங்கும். ஆற்றோடு இணையாக ஓடும் தெருக்களில் நீரோட்டத் திசையில் ஏறும். ஒற்றைப்படை இடது, இரட்டைப்படை வலது. நகரின் 20 வட்டாரங்களும் லூவ்ரில் தொடங்கி நத்தை ஓடுபோலச் சுற்றிச் சுற்றிப் போகின்றன. நீலத் தெருப் பலகையின் தலையில் வட்டார எண் எழுதியிருக்கும். வழி தவறியவர் அந்த எண்ணையும் வீட்டு எண்ணையும் சொன்னாலே ஆறு எந்தப் பக்கம் என்று நீங்கள் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.

நான்காம் ஹென்றியின் குதிரைச் சிலைக்குப் பின்னால் படியிறங்கினால் நீர்மட்டத்தை ஒட்டிய ஒரு கூர்முனைத் தோட்டம். ஆறு பெருகும் நாட்களில் அடைத்துவிடுவார்கள்.

சாப்பாடு

மதிய உணவை 12:30-க்கே முடித்துக்கொள்ளுங்கள். பல உணவகங்களில் 2:30-க்கு அடுப்பை அணைத்தால் மீண்டும் 7 மணிக்குத்தான். 3 மணிக்குப் பசியோடு அலைந்து, சுற்றுலாக் கடையில் விலை கொடுத்து ஆறிய உணவு சாப்பிடுவதுதான் பாரிஸ் நடைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. பேக்கரியில் சாண்ட்விச் வாங்கி ஆற்றங்கரையில் சாப்பிடுவது மலிவு, நேரமும் மிச்சம்.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் இருந்தால் 'வெஜெதாரியன்' என்ற சொல்லை நம்பி விடாதீர்கள். சிலர் மீன் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். "சான் வியான்த், சான் புவாசோன்" என்று, இறைச்சியும் மீனும் வேண்டாம் எனப் பிரித்தே சொல்லுங்கள். வெங்காய சூப்பில் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு இருக்கும். கீஷ் லொரேனில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். சீஸ் வைத்த கோதுமை க்ரெப் பாதுகாப்பானது. முட்டையும் ஆகாதவர் என்றால் மாவில் முட்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உணவகத்தில் "உய்ன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாக வரும். வெறுமனே தண்ணீர் என்றால் விலையுள்ள போத்தலைத் திறந்துவிடுவார்கள். காப்பியை நின்றுகொண்டு கவுண்டரில் குடித்தால் மேசையில் குடிப்பதைவிடக் குறைவு.

லூவ்ர் முற்றமும் துய்லரியும்

பொன் நெஃப்பிலிருந்து வலது கரைக்குப் போய், கிழக்கு வாசல் வழியாக லூவ்ரின் சதுர முற்றத்துக்குள் நுழையுங்கள். எல்லோரும் கண்ணாடிப் பிரமிடுக்கு நேராக ஓடுவதால் இந்த முற்றம் அமைதியாக இருக்கும். அதன் மேற்கு வாயில் வளைவுக்கு வந்தால் பிரமிடு சட்டம் போட்டதுபோல் எதிரே நிற்கும். ஐ. எம். பெய் வடிவமைத்து 1989-இல் திறந்தது. முற்றத்தில் நடக்கக் கட்டணம் இல்லை.

உள்ளே போகலாமா? இன்று வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உள்ளே போனால் 3 மணி நேரமும் கால்களின் பாதி வலுவும் போய்விடும், மிச்ச நடை பாழ். கட்டணமும் சின்னதல்ல. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2026 ஜனவரி முதல் 32 யூரோ. அதற்கென்று தனி நாள் ஒதுக்கி, முன்பதிவோடு காலையில் போவதுதான் முறை.

பிரமிடைத் தாண்டிச் சிறிய கருசேல் வளைவின் கீழே நடுவில் நின்று மேற்கே பார்த்தால் தோட்டம், கொன்கோர்த் தூபி, தொலைவில் வெற்றி வளைவு மூன்றும் ஒரே கோட்டில் வரும். இரண்டு அடி விலகினாலும் கோடு கலைந்துவிடும். ஆட்களை ஒவ்வொருவராக நடுவில் நிறுத்துங்கள்.

துய்லரியில் குளத்தைச் சுற்றிப் பச்சை இரும்பு நாற்காலிகள் கிடக்கும். எடுத்து எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், காசில்லை. முதுகு சாய்ந்த வகையைத் தேடிப் பிடியுங்கள். அரை மணி நேரம் உட்காருங்கள். நடையின் பாதி முடிந்திருக்கும். யாருக்காவது கால் வலிக்கிறதா என்று கேட்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் கொன்கோர்த் நிலையம் பக்கத்தில் இருக்கிறது. முதியவர்கள் இருந்தால் மெட்ரோவைவிட 72ஆம் எண் பேருந்து நல்லது. படிக்கட்டு இல்லை, ஏறக்குறைய இதே ஆற்றோரப் பாதையில்தான் போகிறது.

கழிப்பறை

பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கும் குழுவுக்கு இதுதான் தலையாய பிரச்சினை. தெருவோரச் சாம்பல் நிறக் கழிப்பறைக் கூண்டுகள் இலவசம். பழைய வகையில் ஒவ்வொருவர் வெளியே வந்ததும் கதவு மூடி உள்ளே தானாகக் கழுவும். முன்னவர் வரும்போதே கதவைப் பிடித்து உள்ளே நுழைந்தால் தரையெல்லாம் ஈரமாகும், நனையவும் நேரும். கதவு மூடட்டும், கழுவி முடித்துப் பச்சை விளக்கு எரியட்டும், பிறகு பொத்தானை அழுத்துங்கள். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும் என்பதால் ஐந்து பேர் வரிசை கால் மணி நேரம்.

இதைவிட நல்ல வழி ப்தி பலே. 1900-இல் கட்டிய மாளிகை, நகராட்சியின் அருங்காட்சியகம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை, மாலை 6 வரை திறந்திருக்கும். சுத்தமான கழிப்பறை, நடுவில் தோட்டம், அதை ஒட்டி ஒரு காப்பிக்கடை. கொன்கோர்த்திலிருந்து 10 நிமிட நடை. கோடையில் 3 மணிக்குக் கிளம்பியவர்கள் இங்கே நேரத்துக்கு வந்து சேர மாட்டார்கள், அவர்கள் வழியில் காப்பிக்கடையைத்தான் நம்ப வேண்டும்.

அலெக்சாந்தர் பாலத்திலிருந்து த்ரொக்கதெரோ வரை

ப்தி பலேயிலிருந்து ஆற்றுப் பக்கம் வந்தால் தங்க முலாம் பூசிய குதிரைகளோடு நிற்பது மூன்றாம் அலெக்சாந்தர் பாலம். ஆற்றை 107 மீட்டர் நீளமுள்ள ஒரே வளைவில் தாண்டுகிறது. இங்கிருந்து வலது கரையோடு மேற்கே 1 கிலோமீட்டரில் பொன் த லால்மா பாலம்.

அல்மா சதுக்கத்தில் தங்கச் சுடர் ஒன்று இருக்கும். சுதந்திர தேவி சிலையின் கையிலுள்ள சுடரின் பிரதி, 1989-இல் வைத்தது. டயானாவுக்காக எழுப்பியது என்றே எல்லோரும் நினைப்பார்கள், அவர் 1997-இல் விபத்துக்குள்ளான சுரங்கச் சாலை அதற்குக் கீழேதான் ஓடுகிறது. பாலத் தூணை ஒட்டி ஒரு படைவீரர் சிலையும் உண்டு. வெள்ளத்தை அளக்கப் பாரிஸ்காரர்கள் அவர் உடம்பைத்தான் பார்க்கிறார்கள். 1910 பெருவெள்ளத்தில் தோள்வரை ஏறியது.

இங்கிருந்து கோபுரம் தெரிவதால் எல்லோரும் அதை நோக்கி இழுப்பார்கள். ப்ரெசிதான் வில்சன் சாலை வழியாக மேலே கூட்டிப் போங்கள். சுமார் 1 கிலோமீட்டர், லேசான ஏற்றம். கட்டடங்கள் கோபுரத்தை மறைத்துவிடும். த்ரொக்கதெரோ சதுக்கத்தில் இடப்பக்கம் திரும்பி, ஷையோ மாளிகையின் இரு சிறகுகளுக்கு நடுவில் இருக்கும் மேடைக்கு வந்ததும் 330 மீட்டரும் அடியிலிருந்து உச்சிவரை ஒரே பார்வையில் எழும். மாலை வெயில் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கோபுரத்தின்மேல் விழும். கோபுரத்தடியிலேயே நின்றால் வெறும் இரும்புக் கால்கள்தான் தெரியும்.

பிறகு படியிறங்கி, இயேனா பாலம் கடந்து, பாதுகாப்புச் சோதனை முடித்து அடிவாரம் போகலாம். அது இலவசம். மேலே ஏற டிக்கெட்டுக்குப் பல வாரங்களுக்கு முன்பே பதிய வேண்டும். அன்றைக்கே கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள்.

மழை பிடித்தால்

லூவ்ரிலிருந்து வடக்கே திரும்புங்கள். ரிவோலி தெருவைக் கடந்து பலே ருவாயால் தோட்டத்தின் தூண்மண்டபம், அதன் வடக்கே 1823-இல் கட்டிய கலெரி விவியென், பிறகு பங்குச்சந்தைக் கட்டடத்தைத் தாண்டிப் பனோரமா, ஜுஃப்ருவா, வெர்தோ என மூன்று கூரையிட்ட கடைவீதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடையில் தெருவைக் கடக்கும்போது மட்டும்தான் நனைவீர்கள். ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும். முடியும் இடத்துக்கு அருகில் க்ரான் புல்வார் நிலையம், அங்கிருந்து 9ஆம் லைன் நேராக த்ரொக்கதெரோ போகிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு லா சப்பல்

ஊர்ச் சாப்பாடு கேட்பார்கள். த்ரொக்கதெரோவில் 6ஆம் லைன் ஏறி, எத்துவாலில் 2ஆம் லைனுக்கு மாறி, லா சப்பலில் இறங்குங்கள். வெற்றி வளைவைப் பக்கத்தில் பார்க்க ஆசைப்பட்டால் க்ளெபேர் சாலையில் 1.2 கிலோமீட்டர் நடந்து எத்துவாலுக்கே போய், அங்கே மெட்ரோ ஏறலாம். வளைவுக்குப் போகச் சுரங்கப்பாதை இருக்கிறது, அந்த வட்டச் சாலையைக் குறுக்கே கடக்க யாரையும் விடாதீர்கள். பார்பெஸ் வந்ததும் ரயில் மேலே ஏறி, காரே து நோர் தண்டவாளங்களைத் தாண்டும். சன்னலோரம் உட்கார வையுங்கள்.

நிலையத்தடியில் ஃபோபூர் சேன் தெனி, கைல், பெர்தொனே தெருக்களில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், கொத்துரொட்டி தட்டும் சத்தம், தோசை, இடியப்பம், மரக்கறிக் கடைகள். ஆகஸ்ட் கடைசி வாக்கில் வருபவர்களானால் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் இந்தத் தெருக்களில்தான் வரும். அன்று சிதறு தேங்காய் பார்க்கக் காலையிலேயே இங்கே வந்துவிட்டு, ஆற்றோர நடையை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

கோடையில் கோபுரம் மின்னுவதைப் பார்த்துவிட்டு இங்கே வர 11:30 தாண்டிவிடும். அப்படியானால் வரிசையை மாற்றி, 8 மணிக்கு இங்கே சாப்பிட்டுவிட்டு 11 மணி மின்னலுக்கு த்ரொக்கதெரோ திரும்புங்கள். அப்போது மெட்ரோ பயணம் ஒன்று கூடும், அட்டையில் ஏற்றி வையுங்கள். கடைசி மெட்ரோ வார நாட்களில் நள்ளிரவு 1:15 அளவிலும் வெள்ளி, சனி இரவுகளில் 2:15 அளவிலும் கடைசி நிலையத்தை அடைந்துவிடும். நடுவழி நிலையங்களில் அதற்கு அரை மணி நேரம் முன்பே நிற்க வேண்டும்.